வண்டி வராத ஐந்து காலைகள்

திங்கட்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில் நிலையத்தில் என்னை எதிர்கொண்டவை ஏழெட்டு ஆடுகள். நடைமேடையின் சிமெண்ட் பெஞ்சில் ஒன்று ஏறிப் படுத்திருந்தது. மார்கழிப் பனி தண்டவாளத்தை மூடியிருந்தது. விளக்குகள் எரிந்தன, ஆளில்லை. டிக்கெட் ஜன்னலில் பலகை சாத்தி ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். பாதையில் வேலை நடப்பதால் வெள்ளிக்கிழமை வரை இந்தப் பகுதியில் வண்டிகள் ஓடாது.

என் வேலை ராஜபாளையத்தில். சென்னையில் மருத்துவமனைகளுக்குப் பேண்டேஜ் துணி வாங்கிக்கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் நான் தரம் பார்க்கிறவள். அந்தத் துணி தயாரிக்கும் ஒரு யூனிட்டில் ஐந்து நாள் உட்கார்ந்து சரக்கைப் பார்க்க வேண்டும். ராஜபாளையத்து லாட்ஜுகளில் எல்லாம் மாலை போட்ட சாமிமார் நிறைந்திருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் பக்கம் அறை கிடைத்தது. பத்துப் பதினோரு கிலோமீட்டர்தானே, காலை வண்டியில் போய்விடலாம் என்று நினைத்தேன்.

நான் முப்பது வருடமாகக் குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் போய் வருகிறவள். பராமரிப்பு, வண்டி ரத்து என்ற வார்த்தைகள் எனக்குப் புதிதல்ல. அங்கே ஞாயிற்றுக்கிழமை வண்டியை நிறுத்தினால் நாங்கள் ஸ்டேஷன் வாசலில் நின்று கத்துவோம், ஆட்டோக்காரரிடம் கத்துவோம், பிறகு வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் கத்துவோம். இங்கே கத்த ஒருவரும் இல்லை. ஆடு அசைபோடும் சத்தம்கூடக் கேட்டது.

திரும்பலாம் என்று நினைத்தபோதுதான் அவரைப் பார்த்தேன். நடைமேடையின் நடுவில், விளிம்பிலிருந்து சரியாக இரண்டடி தள்ளி, பனிக்குள் ஒருவர் தண்டவாளத்தைப் பார்த்து நின்றார். தோளில் சாப்பாட்டுப் பை, கையில் வெள்ளைக் கம்பு. வண்டி வந்து நின்றால் ஏறுவதற்கு எப்படி நிற்போமோ அப்படி.

“வண்டி இல்லைங்க” என்றேன்.

“தெரியும்” என்றார், திரும்பாமல். “மூணாம் பெட்டி வாசல் இங்கனதான் வந்து நிக்கும். காலு மறந்துரக் கூடாதுல்ல, அதான் வந்தேன்.”

அப்போதுதான் அவருக்குப் பார்வை இல்லை என்பது எனக்கு உறைத்தது. அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டார்.

“இருபது வருசமா இந்த ஸ்டேசனுக்கு வாரேன். தண்டவாளம் சத்தமே போடாம கெடக்கிறத இன்னிக்குத்தான் கேக்கேன்” என்றார்.

அந்தப் பேச்சு எனக்கு என்னவோ போல் இருந்தது. எதுவும் கேட்காததைக் கேட்கிறேன் என்று ஒருவர் சொல்லும்போது நாமும் காதைத் தீட்டிக்கொள்கிறோம். நானும் கேட்டேன். பனி தகரக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

அவர் பெயர் ஞானராஜ். நான் போகவிருந்த யூனிட்டில்தான் வேலை பார்க்கிறார் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அதற்குள் நிலைய வாசலில் நான்கைந்து பேர் சேர்ந்திருந்தார்கள். எல்லாரும் காலை வண்டிக்காரர்கள். வண்டி இல்லை என்று தெரிந்தும் வழக்கம்போல் இங்கே வந்து கூடி, இங்கிருந்து பஸ்ஸுக்குப் போகிறார்கள். அதே யூனிட்டில் ரோல் சுற்றும் பாண்டிச்செல்வி என்ற பெண் ஞானராஜின் கையைப் பிடித்தாள்.

“வாங்கண்ணே, பஸ்ஸுல எடம் புடிக்கணும்.”

“ஏட்டி, கைய விடு. நீ முன்னால நட, நான் சத்தத்த வச்சு வாரேன்.”

அவள் வேண்டுமென்றே செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். அவர் பின்னால் போனார்.

யூனிட் முதலாளி தெலுங்கு பேசும் வீட்டுக்காரர். “ரண்டி, ரண்டி” என்று வாசலுக்கே வந்து அழைத்து, உள்ளே போனதும் தமிழுக்கு மாறி, பருத்திப்பால் வரவழைத்துக் கொடுத்தார். வெல்லமும் சுக்கும் சேர்ந்த அந்தச் சூடு தொண்டையில் இறங்கியபோதுதான் காலையிலிருந்து குளிர்ந்துபோயிருந்தேன் என்பதே தெரிந்தது.

ஞானராஜின் வேலையை அன்று பார்த்தேன். வெள்ளைத் துணி மேசை மேல் ஓடுகிறது. அவர் இரண்டு கைகளையும் அதன் மேல் வைத்து நிற்கிறார். இழை அறுந்த இடம், முடிச்சு, நூல் நெருக்கிப் போன இடம் எது வந்தாலும் கை நின்றுவிடும். நான் கண்ணாடி போட்டுப் பார்த்து ‘சரி’ என்று ஒதுக்கிய துணி ஒன்றை அவரிடம் கொடுத்தார்கள். ஒரு முழம் போனதும் நிறுத்தினார். “இங்கன ஒரு இழை இல்ல மேடம்” என்றார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இல்லைதான்.

செவ்வாய்க்கிழமை பாண்டிச்செல்விக்குக் காய்ச்சல். ஞானராஜ் தனியாகப் பஸ் நிலையம் போனார். நான் முந்தின பஸ்ஸில் போய்விட்டேன். ஒன்பது மணிக்கு அவர் வரவில்லை. பத்துக்கும் இல்லை. பன்னிரண்டரைக்கு வந்து சேர்ந்தார், சட்டை முழுக்க வேர்வை.

நடந்தது இதுதான். பஸ் நிலையத்தில் யாரோ ஒரு புண்ணியவான், அவரைக் கேட்காமலே தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய், ராஜபாளையத்துக்கு எதிர்த் திசையில் வத்திராயிருப்புப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏற்றி, சீட்டிலும் உட்காரவைத்து, கண்டக்டரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டான். பஸ்ஸில் ஒரே கூட்டம். கான்சாபுரத்தில் இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்திருக்கிறது.

“ஏலே, நான் ராசபாளையம்னு சொல்லிக்கிட்டே இருக்கேன், அவன் ‘கவலப்படாதீகண்ணே, கவலப்படாதீக’ங்கான். ஒரு மனுசனுக்கு எம்புட்டு உதவி செய்யணும்னு ஒரு கணக்கு வேண்டாமா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் மாலையில் முதலாளி அவரைக் கூப்பிட்டு, பாதை சரியாகும்வரை வீட்டிலேயே இருங்கள், சம்பளத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று நல்ல மனதோடுதான் சொன்னார். வெளியே வந்த ஞானராஜின் முகம் இறுகியிருந்தது.

“என்னங்க?” என்றேன்.

“மூணு நாள் நான் இல்லாம வேல ஓடிருச்சுன்னு வைங்க மேடம், பொறவு நாலாம் நாளு நான் எதுக்கு? துணிய பாக்க மெசின் வந்திருக்காம் கோயம்புத்தூர்ல. மொதலாளி நல்லவுக. நல்லவுகளுக்கும் ஒரு நாளு அது தோணும்.”

புதன்கிழமை காலை நான் சீக்கிரமே ஸ்டேஷனுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வண்டி இல்லாத அந்த இடம் என்னை இழுத்தது. வாசலில் ஒரு தள்ளுவண்டியில் சுக்குக் காபி விற்கிறவர், வண்டி வரும் நேரமானதும் பழக்கத்தில் ஏழெட்டு டம்ளரை வரிசையாக எடுத்து வைத்தார். பிறகு அவற்றைப் பார்த்தபடி நின்றார். ஒன்றொன்றாக எடுத்து உள்ளே வைத்தார்.

ஞானராஜ் அதே இடத்தில் நின்றிருந்தார்.

“மேடம், அந்த நோட்டீஸ செத்த படிச்சுச் சொல்லுங்களேன்” என்றார். படித்தேன். “அப்போ வெள்ளிக்கிழமை வரைக்கும் இந்தத் தண்டவாளத்துல ஒண்ணுமே வராதா?”

“ஒன்றுமே வராது. ராஜபாளையம் வரைக்கும் பேசாமல் இதிலேயே நடந்துவிடலாம் போலிருக்கிறது” என்று சொல்லிச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. தண்டவாளத்தின் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார். நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் ஒன்றும் நினைக்கவில்லை.

அன்று அவர் பாண்டிச்செல்வியோடு பஸ்ஸில்தான் வந்தார், முதலாளி சொன்னதையும் மீறி. கூட்டத்தில் கம்பு யார் காலிலோ தட்டி, அந்த ஆள் ஏதோ திட்டி, இவர் மன்னிப்புக் கேட்டு, ராஜபாளையம் வரை ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

வியாழக்கிழமை பனி இன்னும் கனமாக இருந்தது. கோயில் ஒலிபெருக்கி எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாதபடி எல்லாப் பக்கமிருந்தும் பாட்டு வந்தது. ஸ்டேஷனுக்குப் போனபோது விடிந்திருந்தது, ஆனால் எதிர் நடைமேடை தெரியவில்லை. வாசலில் காலை வண்டிக்காரர்கள் நின்றார்கள். பாண்டிச்செல்வி, அவள் அண்ணனுடைய டி.வி.எஸ். வண்டியோடு வந்திருந்தாள்.

“ஞானராஜண்ணன் எங்க?” என்றாள்.

யாரும் பார்க்கவில்லை. தாம்பரம் வண்டியில் தினமும் என் எதிரில் உட்காருகிறவர் நாளைக்கு வராவிட்டால் எனக்குத் தெரியாது. இங்கே ஒருவர் குறைந்தால் ஐந்து பேரும் கழுத்தைத் திருப்பித் தேடுகிறார்கள். செல்வி அவர் தங்கைக்குப் போன் போட்டாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு இருட்டோடு கிளம்பிவிட்டாராம்.

ஆடு மேய்க்கும் பெண்மணி ஒருவர் நடைமேடைச் சரிவில் நின்றிருந்தார். “கம்பு வச்சிருக்கவுகளா? அவிய அப்பமே எறங்கி இந்தப் பக்கமால்ல போறாக” என்று தெற்கே கையைக் காட்டினார். “டொக்கு டொக்குன்னு தண்டவாளத்தத் தட்டிக்கிட்டே போனாக. கூப்பிட்டேன். கேக்கல.”

தெற்கே பனிதான் இருந்தது. இரண்டு கோடுகளும் இருபதடி போய் அதற்குள் மறைந்தன.

நேற்று நான் சிரித்துக்கொண்டே சொன்னதைச் செல்வியிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. “ஏறுங்க மேடம்” என்றாள்.

தண்டவாளத்தை ஒட்டி வண்டிப்பாதை ஒன்று ஓடியது. வலப்பக்கம் மலை இருக்க வேண்டும். அங்கே வெள்ளையாக ஒரு சுவர்தான் இருந்தது. செல்வி வண்டியை உருட்டுவது போல ஓட்டினாள். பனைகள் திடீரென்று பக்கத்தில் வந்து நின்று, பின்னால் போயின. இரண்டு முறை நிறுத்தி “அண்ணே” என்று கூப்பிட்டாள். அவள் குரல் முன்னால் போகாமல் எங்களைச் சுற்றியே நின்றது. மூன்றாவது முறை அவள் கூப்பிடவில்லை. எனக்கும் அது வேண்டாம் போலத்தான் இருந்தது.

லெவல் கிராசிங் அருகே ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவர் தண்டவாளத்தில் குனிந்து நின்றார். தினமும் பாதையில் நடந்து, கழன்ற பிடிகளைச் சுத்தியலால் அடித்து இறுக்கும் கீமேன். பெயர் முத்தையா. விஷயத்தைச் சொன்னதும் அவர் கையிலிருந்த பீடி கீழே விழுந்தது.

“ஒரு கிலோமீட்டர்ல ஓடைப் பாலம் இருக்கும்மா. நேத்து சாயங்காலம்தான் மேல கெடந்த தண்டவாளத்தக் கழத்தி எடுத்தாக. கீழ ரெண்டாள் பள்ளம். கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டி வச்சிருக்கு.”

“தடுப்பு வைத்திருப்பார்களே?”

“வச்சிருக்கு. செவப்புக் கொடி, பலகை, எல்லாம் வச்சிருக்கு.” பார்க்கிறவர்களுக்கு அது போதும்.

வேலையாட்கள் இன்னும் வந்திருக்கவில்லை. முத்தையா மண்டியிட்டுத் தண்டவாளத்தில் காதை வைத்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் குனிந்தேன். இரும்பு, காதைக் கடித்தது போலக் குளிர்ந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு மிக மெல்லிசாக, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நகத்தால் தட்டுவது போல, டிக். ஓர் இடைவெளி. டிக். ஒரு மனிதன் நடக்கும் கணக்கு.

“நடக்காரு” என்றார் முத்தையா. “இந்தப் பக்கந்தான் இருக்காரு. பாலத்துல தண்டவாளம் அறுந்து கெடக்கு. அதத் தாண்டிட்டா சத்தம் வராது.”

“கூப்பிடுங்களேன்!”

“இந்தப் பனிக்குள்ள கேக்காதும்மா. நீங்க காத எடுக்காதீக. நான் சுத்தியல் எடுத்துட்டு வாரேன்.”

அவர் பத்தடி தள்ளிக் கிடந்த சுத்தியலை எடுக்கப் போனார். நான் காதை எடுக்கவில்லை. டிக். டிக். டிக்.

நின்றுவிட்டது.

அடுத்தது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. “நின்னு போச்சு” என்று சொன்னேன், அல்லது சொன்னதாக நினைத்தேன். செல்வி என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முத்தையா ஓடி வந்து சுத்தியலைத் தூக்கி அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. தண்டவாளம் முழுவதும் அதிர்ந்தது. காத்திருந்தோம். மறுபடியும் மூன்று. பனியில் எங்கோ ஒரு மயில் அகவி அடங்கியது.

அப்புறம் இரும்புக்குள் கேட்டது. டிக், டிக், டிக். மூன்று.

செல்வி அழத் தொடங்கினாள். முத்தையா அதற்குள் ஓடிக்கொண்டிருந்தார்.

ஜல்லியில் ஓடுவது என்னால் முடியவில்லை. விழுந்து எழுந்து நடந்தேன். நானும் செல்வியும் போய்ச் சேர்ந்தபோது ஞானராஜ் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்திருந்தார், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு. சிவப்புக் கொடி அவருக்குப் பின்னால் இருந்தது. அதைத் தொடாமலே பக்கவாட்டில் கடந்து போயிருக்கிறார். அவர் காலிலிருந்து மூன்று எட்டில் தண்டவாளம் முடிந்தது. அதற்கப்பால் வெள்ளைப் பனி. கீழே எட்டிப் பார்த்தேன். கம்பிகள் முனை மேலே பார்த்து நின்றன.

முத்தையா திட்டிக்கொண்டிருந்தார். தண்டவாளத்தில் நடப்பது குற்றம் என்றும், நீ செத்தால் நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் திட்டினார். நான் அவர் கையைப் பிடித்து, நேற்று அப்படிச் சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளும்படி கேட்டேன்.

“நீங்க சொல்லாட்டியும் நடந்திருப்பேன் மேடம்” என்றார். பிறகு முத்தையாவின் பக்கம் திரும்பி, “முதல்ல தட்டுனது யாரு?” என்றார்.

“நான்தான்.”

“மூணு மூணாத் தட்டுனது நீங்க. அதுக்கு முன்னால ஒண்ணு. ஒத்தைத் தட்டு. எதுக்கால இருந்து வந்துச்சு. யாரோ எதுத்தாப்புல வாராகன்னு நின்னுட்டேன். பொறவுதான் நீங்க தட்டுனீக.”

எதிரே பள்ளம்தான் இருந்தது.

“நீங்க நின்னபொறவுதான் நான் அடிச்சேன்” என்றார் முத்தையா மெல்ல. “வெயில் ஏறுனா இரும்பு தன்னால சத்தம் போடும்...” என்று ஆரம்பித்து, வானத்தை அண்ணாந்து பார்த்தார். அன்று வெயில் இன்னும் வரவே இல்லை.

ஞானராஜ் விடவில்லை. மறுகரைக்குப் போய் அடித்துப் பாருங்கள் என்றார். முத்தையா ஓடைக்குள் இறங்கிப் பனியில் மறைந்தார். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பக்கம் ஏறி அறுந்த தண்டவாளத்தின் முனையில் ஓங்கி ஒன்று அடித்தார். ஞானராஜ் இந்தப் பக்கத்து இரும்பில் காதை வைத்திருந்தார்.

“இது காத்துல வருது” என்றார். “இரும்புல வரல. அது இரும்புல வந்துச்சு.”

மறுகரையிலிருந்து முத்தையா, “இங்கன யாரும் இல்லய்யா” என்று கத்தினார். போனதைவிட வேகமாக அவர் திரும்பி வருவது குரலிலேயே தெரிந்தது.

நாங்கள் நால்வரும் லெவல் கிராசிங் வரை தண்டவாளத்தை விட்டுத் தள்ளி, வயல் வரப்பில் நடந்தோம். யாரும் சொல்லி அல்ல. ஒருவரும் இரும்பை மிதிக்க விரும்பவில்லை.

அவர் எங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார். முதலாளியிடம் சொல்லக் கூடாது. “சொன்னா வீட்டுல உக்கார வச்சிருவாக. கீழ விழுகிறதும் அதும் ஒண்ணுதான் எனக்கு.” செல்வி, தினமும் பஸ்ஸில் தன் கையைப் பிடித்துக்கொண்டு வருவதாகச் சத்தியம் செய்தால் சொல்லமாட்டேன் என்றாள். இரண்டு பேரும் வரப்பில் நின்று அதற்குச் சண்டை போட்டார்கள். கடைசியில் அவர் அவள் தோளைப் பிடித்துக்கொள்வது என்று முடிவானது. கையை அவள் பிடிக்கக் கூடாது, அவர்தான் பிடிப்பார்.

அன்று வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதம். பஸ் கிடைக்கவில்லை என்று மூன்று பேரும் ஒரே பொய்யைச் சொன்னோம். மேசை மேல் துணி ஓடத் தொடங்கியது. அவர் கைகளை வைத்தார். முதல் ஐந்து நிமிடம் விரல்கள் நடுங்கின. யாருக்கும் தெரியாதபடி நான் மேசையின் முன்னால் வந்து நின்றுகொண்டேன். பிறகு நடுக்கம் நின்றது.

வெள்ளிக்கிழமை என் வேலை முடிந்தது. மறுநாள் வண்டி ஓடத் தொடங்கும் என்றார்கள். நான் அதற்குக் காத்திருக்கவில்லை, மதுரைக்குப் பஸ் ஏறினேன். அதற்கு முன், மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, தயிர்சாதத்துக்கு ஆளுக்கொரு கை சேவு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஞானராஜிடம் தணிந்த குரலில் கேட்டேன். நான் போய்வந்த ஊர்களைப் பற்றி எழுதுகிறவள், பெயரை மாற்றி இதை எழுதலாமா, உங்களுக்குச் சங்கடம் வருமா?

அவர் கையிலிருந்த சேவைத் தயிர்சாதத்தில் போட்டார்.

“எழுதுங்க” என்றார். “நான் நல்லாக் கேட்டேன் மேடம். எனக்குக் காது பொய் சொன்னதில்ல. அந்த ஒத்தைத் தட்ட மட்டும் விட்டுறாதீக. அத விட்டுட்டு எழுதுனீகன்னா, நான் பயந்துபோயி நின்னுட்டேன்னு ஆயிரும்.”

விடவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் நின்ற நொடியில் என் காதும் அதே இரும்பில்தான் இருந்தது. அவர் கம்பின் ஒவ்வொரு தட்டும் எனக்குக் கேட்டது. எனக்கு அந்தத் தட்டு கேட்கவில்லை.